செம்மண் பாலன்

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் குடிலுக்கான புல்லை இப்போது சுருட்டி விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். பச்சைப் பிளாஸ்டிக். பாய் மாதிரி விரித்தால் வேலை முடிந்தது. ஜனவரியில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். போன வாரம் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த குடிலிலும் அதைத்தான் விரித்திருந்தார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன், குத்தியது. நீங்களெல்லாம் என் வயதுக்காரர்கள், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருந்த பெண் ஒருத்தி, "ஆன்டி, என்ன ஆச்சு?" என்றாள். தூசி என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

நமக்கெல்லாம் குடில் புல் என்றால் ராகிதான். மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருநாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ராகியை ஊறப்போடுவோம். மீன் டப்பா, பால்பவுடர் டப்பாவின் மூடி, விளிம்பு உடைந்த சாசர் என்று கிடைத்ததிலெல்லாம் செம்மண்ணை நிரப்பி, ராகியைத் தூவி, கூடையால் மூடி வைப்போம். இரண்டு மூன்று நாள் கழித்துக் கூடையைத் தூக்கினால் வெளுத்துப்போன முளைகள் எட்டிப் பார்க்கும். வெயில் காட்டக் காட்டப் பச்சை ஏறும். அந்த ஈர மண்ணும் பச்சையும் கலந்த வாசனைதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வாசனை. கேக் வாசனையெல்லாம் கையில் காசு வந்த பிறகு வந்தது.

நான் சொல்ல வந்தது புல்லைப் பற்றி அல்ல. ஒரே ஒரு குளிர்காலம் நான் இருந்த ஒரு வீட்டைப் பற்றி. பிரேசர் டவுனில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஓடு போட்ட வீடு. என் அம்மாவின் அக்கா வீடு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் தங்கவயலில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது என்றார்கள். நவம்பரில் ஒரு காலை அப்பா என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மா வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்தார். "பெரியம்மா சொல்றபடி கேட்டு நடந்துக்கோ" என்றார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அவர் குடித்த டம்ளரைப் பெரியம்மா கழுவுவதற்கு எடுத்துப் போனபோது நான் அழுதேன். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

அம்மா பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் "ஜெபம் பண்ணு" என்றார்கள். பெரியவர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன?

அந்த வீட்டில் பெரியம்மாவும் பெரியப்பாவும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆணி, போல்ட், கிரீஸ் டப்பா எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டையும் ஸ்டோர் மாதிரிதான் நடத்தினார். ஒரு ஸ்பூன் இடம் மாறியிருந்தால்கூட, "சாமானுக்குக் கால் கிடையாது" என்பார். கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் எந்த அலமாரித் தட்டில் வைப்பது என்று தெரியாமல் ஸ்டோருக்கு வந்துவிட்ட புதுச் சாமானைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்ப்பார்.

பெரியம்மா பேசவே மாட்டாள். எண்ணெய் தேய்ப்பாள், சடை பின்னுவாள், தட்டில் சோறு குறைந்தால் போடுவாள். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். வருஷ நடுவில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் காலையில் போய்விட, நான் மட்டும் நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்தேன். சில நாள் சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

பேச ஆள் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? நான் பொறுக்கினேன். டீத்தூள் பாக்கெட்டின் ஈயத் தாள், வளையல் துண்டு, நூல் தீர்ந்த கட்டை, காலித் தீப்பெட்டி, பொத்தான். தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி ஒரு ஆஸ்பத்திரி கட்டினேன். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் துணி போர்த்திய ஒரு ஆள், தலைக்கு ஒரு பொத்தான். எந்தக் கட்டிலில் அம்மா என்று எனக்கு மட்டும் தெரியும். தினமும் அந்தக் கட்டிலை ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன், வெயில் படட்டும் என்று.

பெரியப்பா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். அதில் ஒரு பொத்தான் அவருடைய கோட்டிலிருந்து எப்போதோ விழுந்தது.

"இது எங்க கெடச்சுது?"

"கதவுக்குப் பின்னாடி."

"கேட்டியா?"

"இல்ல."

"கேக்காம எடுத்தா அதுக்கு என்னா பேரு தெரியுமா?"

கத்தவில்லை, அடிக்கவில்லை. கீழே உட்கார்ந்து என் ஆஸ்பத்திரியைப் பொறுமையாகப் பிரித்தார். தீப்பெட்டிகள் சமையலறைக்கு, துணி கந்தல் பைக்கு, பொத்தான்கள் பொத்தான் டப்பாவுக்கு. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அம்மாவின் தலையும் மற்றப் பொத்தான்களோடு டப்பாவுக்குள் போய்விட்டது.  

டிசம்பர் பாதியில் குடில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்கள். மரப்பெட்டி, மூடிக்கு ஆணி அடித்திருக்கும். உள்ளே பழைய கன்னடப் பேப்பரில் சுற்றிய சுரூபங்கள். சூசையப்பர், மாதா, சிறகு விரித்த சம்மனசு, இடையர்கள், மூன்று ராஜாக்கள், காது உடைந்த கழுதை. பெரியப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் சொல்லி, சரி பார்த்து மேஜையில் வைத்தார். கடைசியாகப் பாலன். உள்ளங்கை அளவு, பீங்கான், வலது கையில் ஒரு விரல் நுனி போயிருந்தது. பாலனை மட்டும் குடிலில் வைக்க மாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும். திருநாளுக்கு முந்தின சாயங்காலம்தான் வீட்டின் கடைக்குட்டி தீவனத் தொட்டியில் கொண்டுபோய் வைக்கும். அதுவரை அந்த வீட்டில் பாலன் ஒரு பிஸ்கட் டப்பாவில், கண்ணாடி அலமாரிக்குள் இருப்பார்.

அன்றைக்குப் பெரியம்மா முதல் தடவையாக என்னிடம் ஒரு வேலை சொன்னாள். "ராகி போடணும், மண்ணு கொழச்சுத் தர்றியா?" கொல்லையில் ஒரு பழைய பக்கெட்டில் செம்மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். அவள் டப்பாக்களில் நிரப்பி ராகி தூவினாள். காற்றில் பாதி ராகி பக்கெட்டுக்குள்ளேயே விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம்.

அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி. காலா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாங்கள் கல்கல் பலகாரம் கொடுத்தால் அவர் சேமியா பாயசம் கொடுப்பார், அப்படிப் பழக்கம். பெரியம்மா உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டார். அவர் பேச்சில் 'பேட்டி' என்றால் மகள், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"பேட்டி, உங்க பெரியம்மா இந்தக் குளிர் மாசத்துல கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்க. நீ மனசுல வெச்சுக்க நக்கோ. இந்த மாசத்துலதான் அவங்களுக்குப் பிள்ளை பொறந்துச்சு. பேர் வைக்கறதுக்குள்ள அல்லா எடுத்துக்கிட்டான். நான் சொன்னேன்னு சொல்ல நக்கோ, என்ன?"

நான் தலையாட்டினேன். கேட்டுக்கொண்டேனே தவிர, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு பெரியப்பா அலமாரியைத் துடைத்தார். பிஸ்கட் டப்பாவைத் தூக்கினார். ஆட்டிப் பார்த்தார். திறந்தார். காலி.

என்னைத்தான் கூப்பிட்டார்.

"பாலன் எங்க?"

"தெரியாது பெரியப்பா."

"அதுவா எந்திரிச்சு நடந்து போச்சா? சாமானுக்குக் கால் கிடையாது. எடுத்து வெளயாடினியா? சொல்லிடு, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"நான் எடுக்கல."

என் துணிப்பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஈயத் தாளும் வளையல் துண்டும் தரையில் கொட்டின. பாலன் இல்லை. ஆனால் பெரியப்பாவுக்கு அந்த வளையல் துண்டுகளே போதுமாக இருந்தது. "பாத்தியா" என்று பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்தேன். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியதே தவிர, ஒன்றும் வரவில்லை.

"கை நீளமான பிள்ளைய வெச்சுக்கிட்டு வீட்டை எப்படிப் பூட்டறது? ஜனவரியில ராஜாக்கள் திருநாள் முடியட்டும். சிஸ்டருங்க போர்டிங்ல சேர்த்துடலாம். கண்டிச்சு வளப்பாங்க" என்றார் பெரியப்பா. மறுநாளே ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. பச்சைப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் என் பெயர். பெயின்ட் காயாமல் ஒட்டியது. அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் கக்கூசுக்குப் போகவேண்டியிருந்தது.

என் பயம் இதுதான். அம்மா பிழைத்து எழுந்து வந்தால் பெரியம்மா வீட்டுக்குத்தான் வருவாள். நான் அங்கே இருக்க மாட்டேன். ஏன் இல்லை என்று கேட்டால், திருடினாள், அதனால் அனுப்பிவிட்டோம் என்பார்கள். அதற்கு மேலும் அம்மா என்னைத் தேடுவாளா?

இன்னொன்றும் நடந்தது, அதுதான் மோசம். நானே என்னை நம்பாமல் போனேன். இவ்வளவு பெரியவர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, ஒருவேளை எடுத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று என் பாயைத் தூக்கிப் பார்த்தேன், கொல்லையில் போய்த் தேடினேன். எடுக்காத பொருளை ஒளித்து வைத்த இடத்தைத் தேடுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அது நான்தான். பொறுக்குவதை விட்டேன். எதைச் செய்தாலும் இந்தக் கை என்னை மாட்டிவிடும் என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் பெரியம்மா கொஞ்ச நேரம் படுப்பாள். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொல்வாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தாள். அவள் தோளுக்கு மேலே அவளுடைய கை எழுந்து எழுந்து இறங்கியது. தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மடித்து வைத்த சால்வையை, மெதுவாக, ஒரே சீராக. நல்ல தூக்கத்தில் இருந்தாள், கை மட்டும் விழித்திருந்தது.

எங்கள் அம்மாவும் அப்படித்தான் தட்டுவாள். பிள்ளையைத் தூங்க வைக்கிற தாளத்தை முதுகு மறக்குமா?

சால்வை நடுவில் கொஞ்சம் மேடாக இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, விலக்கிப் பார்க்கவில்லை. காலா சொன்னது அப்போதுதான் உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்தது. பாலன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கைமேல் எனக்கிருந்த சந்தேகமும் அந்த நிமிஷமே போய்விட்டது.

எனக்கு என்ன கோபம் வந்தது தெரியுமா! இவள் வைத்துக்கொண்டு என்னைத் திருடியாக்கிவிட்டாளே என்று பொங்கியது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் இன்றைக்கும் மிச்சம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பெரியப்பா வந்ததும் சால்வையை உருவிக் காட்டிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு முடியவில்லை. என் அம்மாவைத் தூக்கி டப்பாவில் போட்டது போல இவளுடையதையும் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார்.

தொட்டி காலியாக இருப்பதால்தானே தேடுகிறார்கள்? நிரப்பிவிட்டால்? ஒன்பது வயதின் கணக்கு அவ்வளவுதான்.

கொல்லைக்குப் போனேன். பக்கெட்டில் மண் மிச்சமிருந்தது, காய்ந்து இறுகியிருந்தது. வடித்த கஞ்சியை ஊற்றிப் பிசைந்தேன். பிறந்த பிள்ளையை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அந்தப் பீங்கான் பாலன் மாதிரி கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் செய்யப் பார்த்தேன், வரவில்லை. கையை அதன் போக்கில் விட்டேன். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துத் தூங்குகிற ஒரு பிள்ளை வந்தது. மூக்கு கொஞ்சம் சப்பை. கண்ணுக்கு ஒரு ஈர்க்குச்சிக் கோடு. முடித்துவிட்டுப் பார்த்தபோது இதை யாரும் சரி சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. அப்படி அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை. வெடிக்காமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி, ராகிக் கூடைக்குக் கீழே வைத்தேன்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பெரியப்பா கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வெறும் கையோடு வந்தார். "இருக்கறதெல்லாம் சூசையப்பரை விடப் பெருசா இருக்கு!" என்று சலித்துக்கொண்டார். குடில் தயாராக இருந்தது. மலைத்தாள் குகை, வைக்கோல், எங்கள் ராகிப் புல், வாசலில் காகித நட்சத்திரம். நடுவில் காலித் தொட்டி. ஜெபம் சொல்லி முடித்ததும் வழக்கமாகப் பாலனை வைக்கும் நேரம். "காலியாவே கெடக்கட்டும். வர்றவங்க கேட்டா ஏன்னு நானே சொல்றேன்" என்றார் பெரியப்பா, என்னைப் பார்த்து.

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன்.  துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து தொட்டியில் வைத்தேன்.

"என்னா இது?"

"பாலன்."

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"மண்ணு?"

"பக்கெட்ல இருந்துச்சு. கேக்கல."

அவர் வாயைத் திறந்தார். "இருக்கட்டும்" என்றது ஒரு குரல். பெரியம்மா. அவள் குடிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. 

"சரி, ஒப்புக்குச் சப்பாணியா கெடக்கட்டும்" என்றார் பெரியப்பா.

மறுநாள் குடில் பார்க்கக் கோயில் உபதேசியாரோடு ஒரு கூட்டம் வந்தது. வெள்ளையும் ரோஜாவுமாக நிற்கிற சுரூபங்களுக்கு நடுவில் என் செம்மண் பிள்ளை கருத்துக் கிடந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "எலிக்குட்டி மாதிரி இருக்குதுக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "மத்ததெல்லாம் லட்சணமா இருக்கு. இதுமட்டும்..." என்று உபதேசியார் இழுத்தார். "சின்னப்பிள்ளை வெளயாட்டு" என்று பெரியப்பா மழுப்பினார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காது இரண்டும் எரிந்தது. டிரங்குப் பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது.

புது வருஷம் வந்தது. போர்டிங்குக்கு வேண்டிய தட்டும் டம்ளரும் பெட்டிக்குள் போயின. அம்மாவிடமிருந்து சேதி இல்லை. அந்த நாட்களைப் போலத் தனியாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை, இப்போது இந்த ஐந்தாவது மாடியில் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராஜாக்கள் திருநாளன்று காலை பெரியப்பாவின் குரல் கேட்டது. "ரெண்டு பேரும் இங்க வாங்க."

குடிலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் பாலனுக்கு முடி முளைத்திருந்தது! தலையில், தோளில், மடக்கிய முழங்காலில் எல்லாம் நூல் நூலாகப் பச்சை. பக்கெட்டில் விழுந்த ராகி. எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியப்பா சிரிக்கவில்லை. "தண்ணி இல்லாம முளைக்காது. இதுக்கு யாரு தண்ணி விட்டது?"

"நான் இல்ல பெரியப்பா."

"நீயும் இல்லன்னா அதுவா..."

"நான்தான்" என்றாள் பெரியம்மா. "புல்லுக்குத் தெளிக்கறப்ப அதுக்கும் தினம் தெளிச்சேன். காஞ்சு வெடிச்சுட்டா புள்ளைக்கு மனசு ஒடஞ்சிடும்னு." சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "அதையும் நான்தான் எடுத்தேன். அவ எடுக்கல."

உள்ளே போய்ச் சால்வையோடு வந்தாள். பிரித்தாள். விரல் உடைந்த அந்தப் பீங்கான் பாலன்.

"வருஷா வருஷம் எடுத்து வெக்கறோம். பத்து நாள் பாக்கறோம். அப்புறம் பேப்பர்ல சுத்தி, பொட்டில போட்டு, மேல ஆணி அடிக்கறோம். நீங்கதான் அடிப்பீங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும். அன்னிக்கும் நீங்கதான் அடிச்சீங்க. இந்த வருஷம் என்னால முடியல."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"நீங்க சாமானைத்தான கேட்டீங்க. என்னைக் கேக்கலையே."

அன்றைக்கு முழுக்கத் தொட்டியில் இரண்டு பாலன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள், ஒன்று சிரித்துக்கொண்டு, ஒன்று தூங்கிக்கொண்டு. சாயங்காலம் பெரியப்பா டிரங்குப் பெட்டியை என் முன்னால் இழுத்து வைத்தார். தட்டையும் டம்ளரையும் எடுத்துச் சமையலறையில் வைத்தார். என் வளையல் துண்டுகளையும் ஈயத் தாளையும் ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார், அதைப் பெட்டிக்குள் போட்டார். பிறகு பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார்.

"ஆஸ்பத்திரில உங்கம்மா எந்தப் பொத்தான்?"

அவருக்கு அது ஆஸ்பத்திரி என்று எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை. தேடினேன். வெள்ளைப் பொத்தான், ஓரத்தில் ஒரு பொடிக் கீறல். எடுத்துக் காட்டினேன். வாங்கித் தன் சட்டையில் துடைத்து, என் கையில் வைத்து, என் விரல்களை மூடினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

பெரியம்மாவும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் படுத்தபோது, எனக்கு முதுகு காட்டாமல் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அவள் கை என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் கிடந்தேன்.

அம்மா பிழைத்தாள். வெயில் காலத்தில் அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும் காலையில் பெரியம்மா என் டிரங்கைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் அந்தச் சால்வைச் சுருளை வைத்தாள். பிரிக்காமலே என்னவென்று தெரிந்தது.

"பெரியம்மா, இது உங்களோடது."

"உன்னுது எங்கிட்ட இருக்கட்டும், என்னுது உங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "பொட்டில போட்டு ஆணி மட்டும் அடிக்காத கண்ணு."

அடுத்த வருஷம் போனபோது என் மண் பாலனைத் தேடினேன். மழை வந்ததும் ரோஜாச் செடித் தொட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். செடி பூத்திருந்தது. பெரியம்மா, பெரியப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த வீடும் இல்லை, அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். டிரங்கின் அடி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, மூடியில் என் பெயர் மட்டும் பாதி தெரிகிறது. விரல் உடைந்த பாலன் என் அலமாரியில் வருஷம் முழுக்க வெளியில்தான் இருக்கிறார்.

பிளாஸ்டிக் புல்லைப் பார்த்துவிட்டு மேலே வந்த அன்றைக்கே ஐஸ்கிரீம் டப்பா மூடிகளில் மண் நிரப்பி ராகி தூவினேன். வேலைக்கு வரும் பெண், "இன்னாத்துக்கும்மா, யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றாள். பிள்ளைகள் எல்லாம் கடல் தாண்டி இருக்கிறார்கள். யாரும் வரமாட்டார்கள்தான். முளை வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் கண் அசந்துவிட்டேன். வேலைக்கு வரும் பெண் உள்ளே வந்து என்னை எழுப்பினாள்.

"அம்மா, அம்மா, இன்னா கனவா? பக்கத்துத் தலகாணியைத் தட்டிக்கினே இருக்கீங்க. யாரைத் தூங்க வெக்கறீங்க?"

என் கையைப் பார்த்தேன். அது இன்னும் தலையணை மேல்தான் இருந்தது.

"எங்க பெரியம்மாவை" என்றேன்.